கரும்பலகையிலிருந்து தொடுதிரைக்கு: மதரஸாக்களில் மாறும் மார்க்கக் கல்வி

புதுதில்லி: அரபி மொழியில் 'கல்பு' என்று தமிழர் காதில் விழும் சொற்கள் இரண்டு உள்ளன. ஒன்றின் பொருள் இதயம்; மற்றொன்றின் பொருள் நாய். முதல் சொல்லின் தொடக்க எழுத்து அடிநாக்கு உள்நாக்கை ஒட்டித் தொடும் இடத்தில் பிறக்கிறது. இரண்டாவது சொல்லின் எழுத்து அதற்குச் சற்று முன்னால் பிறக்கிறது. தமிழில் இரண்டையும் ஒரே 'க'வால்தான் எழுத முடியும். குர்ஆன் ஓதக் கற்கும் சிறுவனுக்கோ இந்த நூலிழை வேறுபாடு பொருளையே புரட்டிவிடக் கூடியது.

நாக்கு எங்கே தொடுகிறது என்பதை வாய்க்குள் எட்டிப் பார்த்து அறிய முடியாது. எனவே பல நூற்றாண்டுகளாக உஸ்தாத் ஓத, மாணவன் அவரது உதட்டையும் ஒலியையும் கவனித்துத் திருப்பிச் சொல்லி வந்தான். இப்போது நாட்டின் சில மதரஸாக்களில் அந்த இடத்துக்கு ஒரு தொடுதிரைப் பலகை வந்திருக்கிறது. எழுத்தைத் தொட்டால் வாயின் குறுக்குவெட்டுப் படம் விரிகிறது, நாக்கு நகர்கிறது, ஒலி எழுகிறது. மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவந்து தொட்டுப் பார்த்துத் திருப்பி ஓதுகிறார்கள்.

தனியார் பள்ளிகளில் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பரவத் தொடங்கிய 'ஸ்மார்ட் வகுப்பறை', மார்க்கக் கல்விக்கூடங்களுக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. வந்த இடங்களிலும் அதன் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது கருவியின் தரம் மட்டுமல்ல. பலகை முன் நிற்கும் ஆசிரியருக்குச் சம்பளம் கிடைக்கிறதா, பலகை வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது, திரையில் தோன்றும் உருவத்தை மார்க்கம் ஏற்கிறதா ஆகிய மூன்று கேள்விகளுக்கான விடைகளே அதைத் தீர்மானிக்கின்றன.

மக்தபும் மதரஸாவும்

இந்திய முஸ்லிம் குழந்தைகளில் பெரும்பாலோர் மதரஸாவில் மட்டுமே படிக்கிறார்கள் என்ற எண்ணம் பரவலாக உண்டு. நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 2006 நவம்பரில் அளித்த அறிக்கை அதைத் தகர்த்தது. பள்ளி வயது முஸ்லிம் குழந்தைகளில் சுமார் 3 சதவீதத்தினரே முழுநேர மதரஸாக்களில் படிப்பதாக அந்த அறிக்கை கூறியது. பள்ளிவாசலை ஒட்டி இயங்கும் மக்தபையும் முழுநேர மதரஸாவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இந்தத் தவறான எண்ணத்துக்குக் காரணம் என்றும் அது சுட்டிக்காட்டியது.

மக்தப் என்பது பகுதிநேர வகுப்பு. குழந்தை காலையிலோ மாலையிலோ ஓரிரு மணி நேரம் குர்ஆன் ஓதவும், தொழுகை முறையை அறியவும், அடிப்படை ஒழுக்கங்களைக் கற்கவும் அங்கு செல்கிறது. எஞ்சிய நேரத்தில் சாதாரணப் பள்ளிக்குப் போகிறது. மதரஸாவோ ஆலிம்களை உருவாக்கும் முழுநேரக் கல்விக்கூடம்.

இந்த வேறுபாடு தொழில்நுட்ப விவாதத்தில் முக்கியமானது. பள்ளியில் பகல் முழுவதும் வண்ணத் திரையில் பாடம் படித்த குழந்தை, மக்தபில் பாயில் அமர்ந்து கிழிந்த பாலபாடப் புத்தகத்தைப் பார்த்து ஓதும்போது சலிப்படைகிறது. மார்க்கக் கல்வி என்றாலே பழையது, சுவையற்றது என்ற எண்ணம் அதன் மனத்தில் விழுந்துவிடக்கூடும் என்ற கவலைதான் பல ஊர்களில் ஜமாஅத் நிர்வாகிகளைத் தொடுதிரையின் பக்கம் திருப்பியிருக்கிறது.

எந்தப் பாடத்துக்குப் பொருந்தும்?

மார்க்கக் கல்வியின் எல்லாப் பாடங்களுக்கும் தொடுதிரை ஒரே அளவில் பயன்படுவதில்லை. அதிகப் பயன் தருவது 'தஜ்வீத்' எனப்படும் ஓதல் இலக்கணம். அரபி எழுத்துகள் பிறக்கும் இடங்கள் 17 என்று பெரும்பாலான ஓதல் அறிஞர்கள் வகுத்துள்ளனர். வாய்க்குழி, தொண்டை, நாக்கு, உதடுகள், மூக்கின் உட்பகுதி என ஐந்து பகுதிகளில் அவை அடங்கும். எழுத்துகள் இணையும்போது எங்கே நீட்ட வேண்டும், எங்கே மூக்கொலி கூட்ட வேண்டும், எங்கே ஓர் ஒலியை அடுத்ததில் கரைக்க வேண்டும் என்ற விதிகளை வண்ணங்களால் பிரித்துக் காட்ட முடிகிறது. அச்சிட்ட குர்ஆன் பிரதிகளில் முன்பே வந்துவிட்ட இந்த வண்ணக் குறியீட்டுக்குத் திரை ஒலியையும் சேர்க்கிறது.

அடுத்தது வாரிசுரிமைக் கணக்கு. இஸ்லாமியச் சட்டக் கல்வியில் மாணவர்கள் மிகவும் அஞ்சும் பாடங்களில் இது ஒன்று. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தால் சொத்து 24 பங்குகளாகும். மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3 பங்கு; எஞ்சிய 21-இல் மகனுக்கு 14, மகளுக்கு 7. பிள்ளைகளே இல்லையென்றால் மனைவியின் பங்கு நான்கில் ஒன்றாக உயரும். திரையில் குடும்ப மரத்தை வரைந்து, ஓர் உறவினரை விரலால் நீக்கினால் மற்றவர்களின் பங்குகள் கண்முன்னே மாறுகின்றன. கரும்பலகையில் ஒவ்வொரு முறையும் அழித்து எழுத வேண்டிய கணக்கு இது.

பிறை பார்த்தல், தொழுகை நேரங்கள், மக்காவின் திசையைக் கணித்தல் ஆகியவை வானியலோடு தொடர்புடையவை. சூரியன், சந்திரன், பூமி ஆகியவற்றின் நிலையைத் திரையில் நகர்த்திக் காட்டும்போது, ஒரே மாலையில் ஓர் ஊரில் பிறை தெரிவதும் மற்றோர் ஊரில் தெரியாமல் போவதும் ஏன் என்று மாணவனுக்கு விளங்குகிறது. ஹஜ் கடமைகளை வரைபடத்தில் நாள்வாரியாகப் பின்தொடர்வதும் எளிதாகிறது.

குர்ஆனை மனனம் செய்யும் வகுப்பிலோ திரைக்கு அதிக வேலையில்லை. அங்கே தேவைப்படுவது திரும்பத் திரும்ப ஓதுவதும், உஸ்தாத் ஒவ்வொரு மாணவனிடமும் தனித்தனியே பாடம் கேட்பதும்தான். ஓதுவதைக் கேட்டு விடுபட்ட சொல்லைச் சுட்டிக்காட்டும் கைப்பேசிச் செயலிகள் வந்துவிட்டன. ஆனால், விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிப்பதைவிட உச்சரிப்பின் நுட்பத்தை எடைபோடுவது எந்திரத்துக்குக் கடினம். பழகிய உஸ்தாதின் காதுக்கு இணையாக அது இன்னும் ஆகிவிடவில்லை.

வாயிலிருந்து வாய்க்கு

உலமாக்களில் ஒரு பகுதியினர் காட்டும் தயக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. குர்ஆன் ஓதல், ஆசிரியரின் வாயிலிருந்து மாணவனின் காதுக்கு நேரடியாகச் சேர வேண்டிய கல்வி. ஓதலிலும் நபிமொழிக் கல்வியிலும் தேர்ந்தவருக்கு ஆசிரியர் அளிக்கும் அனுமதி 'இஜாஸத்' எனப்படும். யாரிடம் யார் கற்றார் என்ற தொடர் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லும். திரையிடம் கற்றவனுக்கு அந்தத் தொடரில் இடமில்லை. எனவே, தொடுதிரை உஸ்தாதுக்குத் துணையாகலாமே தவிர அவருக்கு மாற்றாக முடியாது என்பதில் பழமைவாதிகளும் சீர்திருத்தம் விரும்புவோரும் ஒன்றுபடுகிறார்கள்.

அடுத்த தயக்கம் உருவங்கள் பற்றியது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதையும் படமெடுப்பதையும் தேவபந்த் மரபைச் சேர்ந்த உலமாக்களில் பலர் ஏற்பதில்லை. தாளில் அச்சாகும் படமும் திரையில் தோன்றி மறையும் மின்னணு உருவமும் ஒன்றா என்பதில் தெற்காசிய அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நடைமுறையில் பலர் இடைவழி ஒன்றைக் கண்டுள்ளனர். தொழுகை முறையையும் உளூ செய்யும் முறையையும் விளக்கும் படங்களில் முகம் வரையப்படுவதில்லை. எழுத்து, வரைபடம், கட்டடம், வானம் ஆகியவற்றைக் காட்டுவதில் எவருக்கும் ஆட்சேபமில்லை.

கைப்பேசி குறித்த அச்சம் வேறு வகையானது. தொடுதிரைப் பலகை ஆசிரியரின் கட்டுப்பாட்டில் இருப்பது. கைப்பேசி மாணவனின் தலையணைக்கு அடியில் இருப்பது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் ஸ்மார்ட்போன் வைத்திருக்கக் கூடாது என்று பெரிய மதரஸாக்கள் சில தடை விதித்ததற்கு இதுவே காரணம். இத்தகைய தடை மதரஸாக்களுக்கு மட்டும் உரியதன்று. விடுதியுடன் இயங்கும் சாதாரணப் பள்ளிகளிலும் உள்ளதே.

புதுமைக்குப் பழகிய மரபு

மதரஸா என்றாலே தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. இந்திய மதரஸாக்கள் பலவற்றில் இன்றும் பின்பற்றப்படும் 'தர்ஸே நிஜாமி' பாடத்திட்டத்தை 18-ஆம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபிரங்கி மஹலைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் வகுத்தார். தர்க்கம், தத்துவம், யூக்ளிடின் வடிவ கணிதம், வானியல் ஆகியவை அதில் இடம்பெற்றிருந்தன. 1866-இல் தோன்றிய தேவபந்த் தாருல் உலூம், பள்ளிவாசல் மூலையில் ஓர் ஆசிரியரைச் சுற்றி மாணவர்கள் அமரும் பழைய முறைக்குப் பதிலாக, ஆங்கிலேயர் கல்லூரிகளைப் போல வகுப்பு, பாடத்திட்டம், ஆண்டுத் தேர்வு ஆகியவற்றை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் அதுவே கணினிப் பயிற்சித் துறை ஒன்றைத் தொடங்கியது. இணையத்தின் வழியே மார்க்கத் தீர்ப்புகளையும் வழங்கி வருகிறது.

தொழுகையில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தலாமா என்பது 20-ஆம் நூற்றாண்டில் உலமாக்களிடையே கடுமையாக விவாதிக்கப்பட்ட கேள்வி. இன்று ஒலிபெருக்கி இல்லாத பள்ளிவாசலைக் காண்பது அரிது. ஒவ்வொரு கருவியும் முதலில் ஐயத்தைச் சந்தித்து, பிறகு நிபந்தனையோடு ஏற்கப்பட்டு, இறுதியில் பழக்கமாகிவிடுவதே இந்த வரலாறு காட்டும் பாதை.

கேரளத்தின் காலை வகுப்பு

மார்க்கக் கல்வியில் ஒழுங்கமைந்த வலைப்பின்னல் கொண்ட மாநிலம் கேரளம். 1951-இல் தொடங்கப்பட்ட சமஸ்த கேரள இஸ்லாம் மத வித்யாப்யாச வாரியத்தின்கீழ் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மதரஸாக்கள் இயங்குகின்றன. பொதுவான பாடநூல், பொதுத் தேர்வு, ஆய்வாளர்களின் மேற்பார்வை, ஆசிரியர் பயிற்சி என அனைத்தையும் வாரியமே கவனிக்கிறது. இங்கு மதரஸா என்பது காலைநேர வகுப்பு. மாணவர்கள் அதை முடித்துக்கொண்டு பள்ளிக்குச் செல்கின்றனர்.

2020-இல் கரோனா பொது முடக்கத்தின்போது இந்த ஒழுங்கமைப்பு கைகொடுத்தது. பாடங்கள் காணொளியாகப் பதிவு செய்யப்பட்டு இணையம் வழியே ஒளிபரப்பாயின. பொதுவான பாடத்திட்டம் இருந்ததால் ஒரே பாடம் எல்லா ஊர்களுக்கும் பொருந்தியது. மதரஸாவுக்கு மதரஸா பாடநூல் மாறும் வட மாநிலங்களில் இது எளிதில் நடந்திருக்காது.

கேரள அரசு 2018-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 45 ஆயிரம் வகுப்பறைகளில் கணினியும் படக்காட்டியும் பொருத்தப்பட்டன. காலையில் மதரஸாவிலும் பிறகு ஹைடெக் வகுப்பறையிலும் அமரும் அதே குழந்தைதான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்த ஒப்பீடு மதரஸா நிர்வாகங்களுக்குச் சொல்லாமல் சொல்லும் செய்தி உண்டு.

கேரளத்தில் தட்டுப்பாடு கருவிக்கு அல்ல, நேரத்துக்கே. உயர்நிலைப் பள்ளிகளின் நேரத்தை அரசு 2025-இல் அரை மணி நேரம் நீட்டித்தபோது, காலை வகுப்பு சுருங்கும் என்று சமஸ்த எதிர்ப்புத் தெரிவித்தது.

வங்கத்தின் வேறு முகம்

மேற்கு வங்கத்தின் உயர்நிலை மதரஸாக்கள் ஏறத்தாழ அரசு உதவி பெறும் பள்ளிகளே. மாநில மதரஸா கல்வி வாரியத்தின் தேர்வு, மாநிலத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இணையானது. கணிதம், அறிவியல், ஆங்கிலம், வங்காளம் ஆகியவற்றுடன் அரபியும் 'இஸ்லாம் பரிச்சய்' என்ற இஸ்லாமிய அறிமுகப் பாடமும் இடம்பெறுகின்றன. இந்து மாணவர்களும் இவற்றில் கணிசமாகப் படிக்கின்றனர். பூர்வ வர்த்தமான் மாவட்டத்தின் ஓர்கிராம் மதரஸா, இந்து மாணவர்கள் பெரும்பான்மையாக இருந்ததற்காகவே நாடெங்கும் செய்தியானது.

இத்தகைய வகுப்பில் திரையின் பணி வேறாகிறது. ஓதல் பயிற்சியைவிட, ஒரு சமயத்தின் வரலாற்றையும் நடைமுறையையும் பல சமயக் குழந்தைகளுக்கு விளக்குவதே அங்கு முதன்மை. வரைபடமும் காலவரிசையும் கேள்வி பதிலும் அதற்கு ஏற்றவை. ஒரே பலகையில் முந்தைய வகுப்பில் இயற்பியலும் அடுத்த வகுப்பில் இஸ்லாமிய வரலாறும் நடக்கும்போது செலவும் நியாயமாகிறது.

உத்தரப் பிரதேசம்: ஆசிரியர் எங்கே?

மதரஸா நவீனமயத்தின் பெருஞ்சோதனைக் களம் உத்தரப் பிரதேசம். அங்கு அங்கீகாரம் பெற்ற மதரஸாக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. மாணவர்கள் பல லட்சம் பேர். ஆசிரியர் சம்பளத்துக்கு மாநில அரசின் உதவி பெறுபவை சுமார் 560 மட்டுமே. 2022-இல் அரசு நடத்திய கணக்கெடுப்பில் அங்கீகாரமற்ற மதரஸாக்கள் மேலும் 8 ஆயிரத்துக்கு மேல் இருப்பது தெரியவந்தது.

மத்திய அரசின் மதரஸா நவீனமயத் திட்டம் 1990-களில் தொடங்கி, 2009-இல் விரிவுபடுத்தப்பட்டது. மதரஸாவில் அறிவியல், கணிதம், சமூகவியல், மொழிப் பாடங்களை நடத்தும் ஆசிரியர்களில் பட்டதாரிக்கு மாதம் 6 ஆயிரம் ரூபாய், பி.எட். முடித்த முதுநிலைப் பட்டதாரிக்கு 12 ஆயிரம் ரூபாய் மதிப்பூதியம் என்றும், கணினிக் கூடத்துக்கும் அறிவியல் கூடத்துக்கும் தனி நிதி என்றும் திட்டம் வகுக்கப்பட்டது. முஸ்லிம் இளைஞரின் ஒரு கையில் குர்ஆனும் மறு கையில் கணினியும் இருக்க வேண்டும் என்று பிரதமர் நரேந்திர மோடி 2018 மார்ச்சில் தில்லியில், ஜோர்டான் மன்னர் பங்கேற்ற நிகழ்ச்சியில் வலியுறுத்தினார்.

களத்தில் நடந்ததோ வேறு. மத்திய அரசின் பங்கு ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நின்றது. 2021-இல் சிறுபான்மையினர் நல அமைச்சகத்துக்கு மாற்றப்பட்ட இத்திட்டத்தின் ஒப்புதல் காலம் 2022 மார்ச்சுடன் முடிந்தது. மாநில அரசு கூடுதலாக வழங்கி வந்த தொகையையும் 2024 ஜனவரியில் நிறுத்தியது. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பாதிக்கப்பட்டனர். கணினியும் கணிதமும் தெரிந்தவர்கள் என்று மதரஸாவுக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் இவர்களே. தொடுதிரையை இயக்கத் தெரிந்த ஆசிரியரை அனுப்பிவிட்டுத் தொடுதிரையை வைத்திருப்பதில் பொருளில்லை.

இதற்கு மாறாக மகாராஷ்டிர அரசு, தன் மதரஸா நவீனமயத் திட்டத்தில் டி.எட். முடித்த ஆசிரியர்களின் மாத ஊதியத்தை 6 ஆயிரத்திலிருந்து 16 ஆயிரம் ரூபாயாகவும், பி.எட். முடித்தவர்களின் ஊதியத்தை 8 ஆயிரத்திலிருந்து 18 ஆயிரம் ரூபாயாகவும் உயர்த்த 2024 அக்டோபரில் முடிவு செய்தது.

பணம் யாருடையது?

அரசு நிதியை எல்லா மதரஸாக்களும் விரும்புவதுமில்லை. அரசையும் நிலையான வருமானத்தையும் நம்பியிராமல், பொதுமக்களின் சிறு நன்கொடைகளைக் கொண்டே நடக்க வேண்டும் என்பது தேவபந்த் நிறுவனர் மௌலானா காசிம் நானோத்தவி வகுத்த கொள்கை. அரசுப் பணத்தோடு அரசின் தலையீடும் வரும் என்ற எச்சரிக்கை இன்றும் அந்த மரபின் மதரஸாக்களில் வலுவாக உள்ளது.

நன்கொடையிலும் ஒரு சிக்கல் உண்டு. மதரஸாக்களுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி ஜகாத் எனும் கட்டாய தர்மம். இந்தியாவில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனஃபி சட்ட மரபின்படி ஜகாத் பணம் ஏழையின் உடைமையாகச் சென்று சேர வேண்டும். மாணவனின் உணவுக்கும் உடைக்கும் உதவித்தொகைக்கும் அது செல்லலாம். கட்டடம் கட்டவோ சம்பளம் கொடுக்கவோ பொதுக் கருவி வாங்கவோ நேரடியாகச் செலவிடக் கூடாது. ஆகவே, தொடுதிரைக்கு விருப்பக் கொடையைத் தனியாகத் திரட்ட வேண்டும். வசதியான நகர ஜமாஅத்துக்கு இது எளிது. ஏழை மாணவர்கள் மிகுந்த கிராம மதரஸாவுக்கு அரிது. கற்பதில் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வைக் கருவி மேலும் கூட்டும் அபாயம் இங்கே எழுகிறது.

சட்டம் சொல்வது

முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நடத்தலாம் என்கிறது 30-ஆவது பிரிவு. இவ்விரண்டுக்கும் இடையில்தான் மதரஸா நிற்கிறது. அஸ்ஸாமில் 2020-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அரசு மதரஸாக்கள் பொதுப் பள்ளிகளாக மாற்றப்பட்டன. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2022-இல் அதை உறுதி செய்தது.

உத்தரப் பிரதேசத்தின் 2004-ஆம் ஆண்டு மதரஸா கல்வி வாரியச் சட்டம் மதச்சார்பின்மைக்கு முரணானது என்று அலாகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 5-இல் அத்தீர்ப்பை விலக்கியது. உயர்கல்விப் பட்டங்களான 'காமில்', 'ஃபாஸில்' ஆகியவற்றை வாரியம் வழங்குவது பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்துக்கு முரண் என்று கூறி அப்பகுதியை மட்டும் நீக்கி, எஞ்சிய சட்டம் செல்லும் என்றது. சமயக் கல்வியை வழங்கும் உரிமை சிறுபான்மையினருக்கு உண்டு. அதேவேளை, அங்கு படிக்கும் குழந்தை சமூகத்தில் தன் காலில் நிற்பதற்கான தரமான கல்வியைப் பெறுவதை உறுதி செய்ய அரசு நெறிப்படுத்தலாம் என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்தச் சாரத்தின் வெளிச்சத்தில் பார்த்தால், தொடுதிரைப் பலகை நவீனத்தின் அலங்காரச் சின்னம் அல்ல. காலையில் தஜ்வீத் கற்பித்த அதே பலகை பகலில் அறிவியலையும் கற்பிக்க முடியும். வாரிசுரிமைப் பங்குகளைப் பின்னங்களில் கணக்கிடக் கற்றவனுக்கு இயற்கணிதம் அந்நியமாக இராது. பிறைக் கணக்கை அறிந்தவனுக்கு வானியல் எட்டாத துறையன்று. மார்க்கக் கல்வியும் பொதுக் கல்வியும் ஒன்றையொன்று விலக்குபவை என்ற வாதத்துக்கு இதைவிட எளிய மறுப்பு இல்லை.

ஆனால், பலகை தானாக எதையும் கற்பிப்பதில்லை. பயிற்சி பெற்ற உஸ்தாத், தடையற்ற மின்சாரம், மொழிக்கேற்ற பாடங்கள், மாதம் தவறாத ஊதியம் ஆகிய நான்கும் கூடும் இடத்தில்தான் அது பாடம் நடத்தும். இல்லாத இடத்தில் சுவரில் தொங்கும் விலையுயர்ந்த கண்ணாடியாகவே எஞ்சும். மதரஸாக்களுக்கு எத்தனை தொடுதிரைகள் வழங்கப்பட்டன என்பதோடு நில்லாமல், அவற்றின் முன் நிற்கும் ஆசிரியருக்குக் கடந்த மாதச் சம்பளம் கிடைத்ததா என்பதையும் கணக்கெடுக்கும் நாளில்தான் இந்த மாற்றம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது தெளிவாகும்.